வாய்க்கால் தெரு வீடியோக்களின் தேதி

கூத்தாநல்லூரில் நான் எடிட்டராக இருந்த ஸ்டுடியோவுக்கு ஒரு நாள் காலையில் எங்கள் தெருவே திரண்டு வந்தது. வாய்க்கால் புறம்போக்கில் இருந்த எங்கள் இருபத்தோரு வீட்டுக்கும் நோட்டீஸ். எட்டு வருஷமாகக் குடியிருப்பதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் இடித்துவிடுவார்கள். ரேஷன் கார்டெல்லாம் பழைய விலாசத்திலேயே இருந்தது.

"செல்வி, நம்ம தெரு கல்யாணம், காதுகுத்து எல்லாம் உங்க கடையிலதானே எடுத்தாங்க? பின்னாடி வீடு தெரியுமே" என்றார் எதிர்வீட்டு மாரியம்மாள் அக்கா.

வீடுகள் நன்றாகவே தெரிந்தன. தேதிதான் தகராறு. பழைய ஹார்ட் டிஸ்க் பழுதாகி, எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்குக் காப்பி செய்திருந்தோம். ஃபைல்கள் எல்லாமே போன மாதத் தேதியைக் காட்டின.

விசாரிக்க வந்த வருவாய் ஆய்வாளர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "போன மாசம் எடுத்ததைக் காட்டுறியாம்மா?"

"எடுத்த தேதி வீடியோவுக்கு உள்ளே பதிவாகியிருக்கு சார். எடுத்துக் காட்டுறேன்."

"எத்தனை தடவை ஆபீசுக்கு வந்தாலும் இதான் பதில்."

"அத்தனை தடவையும் வருவேன் சார்."

மொத்தம் முந்நூறு ஃபைல். பெயர் மாற்றும் சாஃப்ட்வேரில், காப்பியான தேதியை விட்டுவிட்டு, கேமரா பதிந்த தேதியை எடுத்து ஃபைலுக்குப் பெயராக வைக்கச் சொன்னேன். அது மாதத்தை முன்னால் போட்டது. ஏப்ரல் ஐந்து, மே நான்காகத் தெரிந்தது. வருஷம், மாதம், நாள் என்று வரிசையை மாற்றினேன். அப்படியும் விடியற்காலை முகூர்த்தமெல்லாம் கல்யாணப் பத்திரிகைத் தேதிக்கு ஒரு நாள் முன்னால் நின்றது. கேமரா லண்டன் நேரத்தில் பதிந்திருக்கிறது. ஐந்தரை மணி நேரம் கூட்டியதும் பத்திரிகையோடு பொருந்தியது.

இருபது வீட்டுக்கு ஆதாரம் கிடைத்தது. மிச்சம் ஒரு வீடு, எங்களுடையது. அது தெரிந்த ஒரே வீடியோவை எடுத்த அன்று கேமராவின் உள் பேட்டரி தீர்ந்து, தேதி கம்பெனி வைத்த தொடக்கத் தேதிக்குப் போயிருந்தது. அந்தத் தேதியில் அந்த கேமராவே சந்தைக்கு வரவில்லை.

முதலாளி ஹாஜா பாய் என் மேல் அக்கறையில்தான் சொன்னார். "வருஷத்தை மட்டும் மாத்திடும்மா. யாருக்குத் தெரியப்போவுது?"

"ஒண்ணு பொய்யின்னு தெரிஞ்சா இருபதும் போயிடும் பாய். மாட்டேன்."

அந்த ஃபைலுக்கு 'தேதி தெரியாது' என்றே பெயர் வைத்தேன்.

எல்லாவற்றையும் தாலுகா ஆபீசுக்கே எடுத்துப்போனேன். தாசில்தார் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதையெல்லாம் நீயே மாத்தியிருக்கலாமே?"

"பேரை மாத்தினேன் சார். தேதியைத் தொடலை. பேர் மாத்தாத அசல் ஃபைல் எல்லாம் இந்த டிஸ்க்ல அப்படியே இருக்கு, யாரை வச்சு வேணாலும் பாருங்க."

"இது என்ன, தேதி தெரியாது?"

"அது எங்க வீடு சார்."

அவர் இருபது பெயரை எழுதிக்கொண்டார்.

எங்களுக்குத் தனியாக இன்னொரு நோட்டீஸ் வந்தது. இரண்டு வருஷம் அலைந்தேன். கடைசியில் மஸ்கட்டிலிருந்து அண்ணன் இந்த வீட்டு விலாசத்துக்கு எழுதிய பழைய கடிதங்களின் தபால் முத்திரையைக் காட்டித்தான் வீடு தப்பியது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வருஷத்தை முன்னால் போடுங்கள். அசலைத் தொடாதீர்கள். தேதி தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள், போவது உங்கள் வீடாகவே இருந்தாலும்.