ஈ இருநூறு, ஹெலி பத்து

பொழுதுபடும் நேரம் கோயில் ஆர்மோனியத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு யாகப்பர் குந்தியிருப்பார். நுளம்பு ஒன்று காதருகே வரவேண்டும். வந்ததும் கட்டை ஒன்றை அழுத்திப் பார்ப்பார். ஒத்துப்போனால் ஒரே அடி. “சுருதி சேர்ந்த பிறகுதான் அடிப்பன்” என்பார். ஓலைத்தொடுவாயில் முப்பது வருடமாய்ப் பூசைக்கு வாசிக்கிற மனிதரை ஊர் ‘ஈயண்ணை’ என்றுதான் கூப்பிடும். கூப்பிட்டால் கூப்பிடட்டுமே, அவருக்கென்ன.

இந்தப் பித்துக்குக் கணக்குக் கொடுத்தவர் பள்ளிக்கூடத்து எடித் ரீச்சர். இரைச்சல் பூச்சியின் வாயிலிருந்து வருவதில்லை, சிறகடிக்கும் வேகம்தான் அந்தச் சுருதி என்று அவர் சொன்ன நாளிலிருந்து யாகப்பர் பாடமாக்கிவிட்டார். ஈ செக்கனுக்கு இருநூறு தரம், தேனீ அதைவிடக் கொஞ்சம் கூட, நுளம்பு ஐந்நூறு.

“அமெரிக்காப் பக்கம் பெருவிரல் அளவில ஒரு குருவி இருக்காம் அண்ணை. அந்தரத்தில நிண்டு தேன் குடிக்குமாம். செக்கனுக்கு அம்பது தரம் செட்டை அடிக்குமாம்.”

“அம்பதெண்டால் நல்ல அடிச்சுருதி. என்ர பெட்டியில அந்தக் கட்டை இல்லை, ரீச்சர்.” அந்தக் குறை பல நாள் அவரை அரித்தது.

எண்பத்தைந்து ஆனியில்தான் இந்தக் காதுக்கு வேலை வந்தது. கரைவலை இழுக்கிறவர்கள் வெட்டை மணலில் முப்பது பேர் நிரையாய் நிற்பார்கள். பாட்டில்லாமல் இழுவை ஒன்றாய் வராது. பாடினால் வேறொன்றும் கேட்காது. அன்றைக்கு ஆமியின் ஹெலிகொப்டர் தலைக்கு மேல் வந்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தார்கள். சூடு பட்டு மூன்று பேர் கயிற்றடியிலேயே விழுந்தார்கள். வலைக்காரச் சம்மாட்டி சந்தியோகு யாகப்பரிடம் வந்தார். “நாங்கள் பாடுறம் அண்ணை, நீங்கள் கேளுங்கோ.”

அன்று முதல் மணல் திட்டில், காவல் கொட்டிலின் மரத்தூணில் சாய்ந்தபடி, சிவப்புத் துணியோடு யாகப்பர். மூன்று மைலுக்கு அப்பால் வருவதையே சொல்லிவிடுவார். துணி உயர்ந்தால் கயிற்றை விட்டுவிட்டுப் பனங்கூடலுக்குள் ஓடவேண்டும். விட்ட கயிறு நீரோட்டத்தோடு போகும், மீனும் போகும். வீணாய்த் தூக்கினால் முப்பது வீட்டில் உலை ஏறாது. தூக்காமல் விட்டாலோ, சொல்லத் தேவையில்லை. “ஹெலியின்ர செட்டை செக்கனுக்குப் பத்துத்தான். வண்ணத்துப்பூச்சியும் பத்துத்தான்” என்று ஒருநாள் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

இந்த மாசியில் கோயில் மதிலோரம் ஒரு செல் விழுந்து வெடித்தது. அதற்குப் பிறகு நுளம்பு கடித்தது, ஆனால் கேட்கவில்லை. பங்குனியில் தேனீயும் போனது. சித்திரையில் ஈ. மனிதர் அதை ஊருக்கு மறைத்தார். பூசையில் சுருதி பிசகியதைக் கேட்டு எடித் ரீச்சர்தான் கண்டுபிடித்தார். அவர் காதோரம் குனிந்து உரக்கச் சொன்னார்.

“சொல்லிப்போடுங்கோ அண்ணை. கயித்தில உங்கட மகனும் நிக்கிறான்.”

“சொன்னால் நாளைக்கே வலையைக் கரையில ஏத்திப்போடுவினம். பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது? மேல்சுருதிதான் முதல்ல போகுது ரீச்சர். ஹெலி அடியில கிடக்கு. அது கடைசியாத்தான் போகும்.”

ஒரே மகன் தோமஸ். மறுநாளிலிருந்து யாகப்பர் பின்தலையைக் கொட்டில் மரத்தில் அழுத்தி வைத்துக்கொண்டார். காது விட்டால் எலும்பு சொல்லும் என்ற நப்பாசை.

போன புதன்கிழமை சாளை மீன் வந்து குவிந்தது. வலையின் மடி கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. மரம் அதிர்ந்தது. யாகப்பர் துணியைத் தூக்கினார். முப்பது பேரும் கயிற்றை எறிந்துவிட்டு ஓடினார்கள், பனைகளுக்கிடையில் குப்புறக் கிடந்தார்கள். வானத்தில் ஒன்றுமில்லை. மடி திறந்து, அவ்வளவு சாளையும் கடலோடு போயிற்று.

சந்தியோகு மூச்சிரைக்கத் திட்டுக்கு ஏறி வந்தார். மரத்தில் யாகப்பர் தலைவைத்த இடத்துக்குச் சற்று மேலே ஒரு துளை. உள்ளேயிருந்து கருவண்டு ஒன்று இரைந்துகொண்டு வெளியே வந்து பறந்தது. யாகப்பர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சம்மாட்டி வண்டையும் பார்த்தார், மனிதரையும் பார்த்தார். பிறகு முகத்துக்கு நேரே வந்து உரத்துக் கேட்டார். “அண்ணை, எவ்வளவு நாளாய்?”

“மாசியிலயிருந்து.”

“முப்பது உசிர் அண்ணை.”

யாகப்பர் குனிந்து மணலில் கிடந்த சிவப்புத் துணியை எடுத்து மடித்தார். ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பார். யாரும் ஏசவில்லை.

வியாழக்கிழமையும் வயிறு இருக்கிறதே. வள்ளம் வலையை வளைத்துவிட்டு வந்தது, கயிற்றில் ஆட்கள் நிரையானார்கள். திட்டில் யாரும் இல்லை. யாகப்பர் மணலில் இறங்கி நிரை நெடுக நடந்து வந்து தோமஸுக்கு முன்னால் நின்றார். கயிற்றைப் பிடித்திருந்த மகனின் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தெடுத்து, அந்தக் கையில் சிவப்புத் துணியைத் திணித்து, அவன் விட்ட இடத்தில் தானே கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.