மொய் மேசை இல்லாத விழா

அன்றைக்கு எங்கள் பக்கத்திலிருந்து அந்தக் காலேஜ் மண்டபத்தில் போய் உட்கார்ந்தவர்கள் நான்கு பேர். நான், என் அம்மா, எங்களுக்குச் சரக்குக் கொடுத்த மண்டிக்கார அண்ணாச்சி, எங்கள் கடைக்குக் கைவண்டி இழுத்தவர். என் தம்பியும் இருந்தான். ஆனால் எங்களோடு இல்லை, முதல் வரிசையில் மாணவர்களோடு. அவனுக்கு மெடல் கொடுக்கிற நாள் அது. பையன்களுக்கு முன்நின்று விடுதிக்கு நல்லது செய்த மாணவன் என்று அந்த வருஷம் அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அம்மா நீலக் கரைச் சேலை கட்டியிருந்தாள். மண்டிக்கார அண்ணாச்சி சலவை வேட்டியும், அக்குளில் மடித்து வைத்த ஒரு துணிப்பையுமாக வந்திருந்தார். அந்தப் பை எதற்கென்று எனக்குத் தெரியும். பணம் வாங்கிப் போக. அது காலியாகத் திரும்பினால் எங்கள் கடை எங்களுக்கு இல்லை.

கடை ராயபுரத்தில், ஒரு சந்து முனையில். அப்பா தெற்கேயிருந்து வந்து போட்ட மளிகைக் கடை. அவர் நோயில் விழுந்தபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கல்லாவில் உட்கார்ந்தேன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை. எனக்குச் சின்னதிலிருந்தே எதைக் கண்டாலும் பயம். ரேஷன் அதிகாரி தெருவில் போனாலே கல்லாவுக்குக் கீழே குனிந்துகொள்வேன். பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்க்காமல் என்னால் நடக்க முடியாது. தம்பி அப்படி இல்லை. எங்கே போனாலும் நாலு பேர் அவனைச் சுற்றி நிற்பார்கள். அவனாவது படிக்கட்டும் என்றுதான் காலேஜில் சேர்த்து விடுதியில் விட்டோம்.

விடுதிச் சாப்பாட்டை அங்கே பையன்களே நடத்தினார்கள். ஒருவனைச் செயலாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவன் சாமான் வாங்க வேண்டும், சமையல்காரர்களை மேய்க்க வேண்டும், மாசக் கடைசியில் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு வசூலிக்க வேண்டும். அந்த வருஷம் என் தம்பி செயலாளர். யுத்தம் முடிந்தும் பஞ்சம் முடியாத காலம். அரிசி ரேஷனில் வந்தது. பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் எல்லாம் எங்கள் கடையிலிருந்து போயிற்று. எங்களிடம் ஏது அவ்வளவு சரக்கு? மண்டியில் கடனுக்கு எடுத்தேன். "காலேஜுக்குப் போற சரக்கா? தாராளமா எடு தம்பி" என்றார் அண்ணாச்சி. காலேஜ் என்றால் அவருக்குக் கவர்மெண்ட் மாதிரி. எனக்கும் அப்படித்தான்.

முதல் இரண்டு மாசம் பணம் வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பிறகு நின்றுபோயிற்று. நான் கேட்டபோதெல்லாம் தம்பி, "ஆண்டு விழா முடியட்டும் அண்ணே, கணக்கு முடிச்சிரலாம்" என்றான்.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டுக்கு மளிகை வாய்ச்சொல்லில் போகும். கல்யாணத்தன்றைக்குக் கடைக்காரர் குளித்து முழுகி வந்து பந்தலில் மொய் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். கடைசிப் பந்தி எழுந்ததும் மொய்ப்பணத்தை எண்ணி முதலில் அவருக்குத்தான் கொடுப்பார்கள். அதில் யாருக்கும் குறைச்சல் இல்லை. தம்பி சொன்னதை நான் மண்டியில் போய் அப்படியே சொன்னேன். அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

"விழாவோட தீர்ந்துரும்ங்கிய. சரி, நானும் வாரேன். உங்க அப்பா முகத்துக்காவத்தான் இத்தன மாசம் பொறுத்தேன். அன்னைக்கும் தீரலைன்னா கடையை எடுத்துக்கிடுவேன், பொறவு என்னைய நோவக்கூடாது."

விழா என்றால் எங்களுக்கு வேறு என்ன தெரியும்?

டிராமில் போகும்போது கடையைச் சரியாகப் பூட்டினேனா என்று ஒரு கவலை, அம்மா இறங்கும்போது விழுந்துவிடுவாளோ என்று ஒரு கவலை. இரண்டுக்கும் அடியில் இந்தப் பெரிய கவலை. வண்டிக்காரர் ஒருவர்தான் சந்தோஷமாக வந்தார். வாசலிலேயே விடுதிப் பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மாசாமாசம் மூட்டை கொண்டுவருகிறவர் அல்லவா, என்னைவிட அவரைத்தான் அவர்களுக்குத் தெரியும்.

"இன்னா நைனா, கோட்டு மாட்டிகினு கீற, ஆளே தெரில!" என்றார் ஒரு பையனிடம்.

"எல்லாம் நீங்க கொண்டுவந்த பருப்புதான் அண்ணே."

"நான் எடுத்தாந்த பருப்பு துன்னா உடம்பு வைக்கணுமே? கோட்டுதான கீது, உள்ள ஆளக் காணோமே!"

பையன்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் கண் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"மொய் எங்கன எழுதுதாங்க?"

"தெரியலையே அண்ணாச்சி. கடைசியில இருக்கும்."

மேடையில் பட்டுத்துணி விரித்த மேசை ஒன்றில் கோப்பைகளும் புத்தகங்களும் இருந்தன. "அந்த மேசையா?" என்றார்.

"அது பரிசு குடுக்கிற மேசை."

"குடுக்கதுக்கு ஒரு மேசை போட்டா வாங்கதுக்கும் ஒண்ணு போட்டிருப்பாங்கள்ல" என்று சொல்லி, வழி ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தார். அம்மா என் காதில், "ஏலே பெரியவனே, மெடலு பவுன்தானா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. பவுனாக இருக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. பிரின்சிபால் எழுந்து பேசினார். பேச்சுக்கு நடுவில் தம்பியின் பேர் மட்டும் எங்களுக்குப் புரிந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விடுதி மாணவன் ஒருவன் நல்ல மனசோடு எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"ஊரே சாமான் கிடைக்காம தவிச்ச வருஷத்துல விடுதியில ஒருத்தன்கூடப் பட்டினி கிடக்கலை, அதுக்கு உங்க பிள்ளைதான் காரணம்னு சொல்றாரும்மா."

அண்ணாச்சி கை தட்டினார். தான் கொடுத்த சரக்கல்லவா. அவர் முகத்தில் பெருமையைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் உயிர் வந்தது.

"பணம் கட்டாதவன் பேரைச் சாப்பாட்டு அறை வாசல்ல பலகையில எழுதிருவாங்கம்மா. எழுதிட்டா அவனுக்குச் சோறு கிடையாது, அதுதான் இங்க வழக்கம். உங்க பிள்ளை செயலாளரா வந்ததுலேருந்து அந்தப் பலகையில ஒரு பேர்கூட எழுதலையாம். அதைத்தான் இப்ப சொல்றாரு."

மண்டபமே அதிர்ந்தது. பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். அண்ணாச்சியின் கை மட்டும் பாதியில் நின்றது. என்னைத் தாண்டிக் குனிந்து அந்த மாணவனைக் கேட்டார்.

"எழுதலைன்னா? எல்லாரும் கட்டிட்டாங்களாக்கும்?"

"எங்கேங்க கட்டறது? எனக்கே நாலு மாசம் பாக்கி." அவன் சந்தோஷமாகச் சிரித்தான். "அதுக்குத்தாங்க மெடலே!"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு மூட்டையைப் பிரித்ததும் உள்ளே மக்கிப்போன சரக்கைக் கண்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். பிறகு திரும்பி மேடையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தம்பி படியேறிப் போய்க் குனிந்தான். அவன் சட்டையில் மெடலைக் குத்தினார்கள். அம்மா அழுதாள். பிரின்சிபால் இன்னும் பேசமாட்டாரா, இந்த விழா முடியாமலே போய்விடாதா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பியின் முகத்தைக்கூட அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்தது. அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. கல்யாண வீட்டில் உட்காருவது போலவே உட்கார்ந்திருந்தார். ஆட்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டே எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார்கள். விடுதிக் காப்பாளர் ஒருவர் வந்து, "யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று மரியாதையாகவே கேட்டார்.

"பணத்துக்கு" என்றார் அண்ணாச்சி. "எட்டு மாசம் மளிகை குடுத்திருக்கோம். காலேஜு குடுக்க வேண்டிய பாக்கி."

காப்பாளர் முகம் மாறியது. "ஐயா, மெஸ்ஸுக்கும் காலேஜுக்கும் கணக்கு கிடையாதுங்க. பசங்களே வாங்கி, சாப்பிட்டு, பங்கு போட்டுக்கறாங்க. செயலாளர்தான் வசூல் பண்ணிக் கொடுக்கணும்."

"வசூல் ஆவலைன்னா?"

"அப்பவும் அவர்தான் பொறுப்பு."

வெளியே தாழ்வாரத்தில் பையன்கள் என் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கினவர்களும், பின்னால் கத்திக்கொண்டு போனவர்களும் எங்களுக்குப் பாக்கி வைத்தவர்கள். அண்ணாச்சி எழுந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பி எங்களைக் கண்டதும் இறங்கி ஓடிவந்தான். எங்கள் முகத்தைப் பார்த்தவன் மெடலைக் கையால் மூடிக்கொண்டான்.

"கணக்கு முடிச்சிரலாம்னியேடா" என்றேன்.

"விழா அன்னைக்கு எல்லாரும் இருப்பாங்க, பேசி வாங்கிரலாம்னு நெனச்சேன் அண்ணே. பாதிப் பேருக்கு வீட்டிலேருந்து மணியார்டரே வரலை. பரீட்சை முடிஞ்சு ஊருக்குப் போய் அனுப்புறோம்ங்கிறாங்க. பசிக்குதுன்னு வந்து நிக்கிறவன் பேரைப் பலகையில எப்படிண்ணே எழுதுவேன்? நீ எழுதுவியா?"

அவனை அடிக்கக் கை வரவில்லை.

"இன்னா அண்ணாச்சி, புள்ளய போய் பேஜார் பண்ணிகினு" என்று வண்டிக்காரர் நடுவில் வந்தார். "பசங்க துன்னதுதான? காசு எங்க பூடும்?"

"ஊருக்குப் பூடும்" என்றார் அண்ணாச்சி. "பரீட்சை முடிஞ்ச மறுநாளு ரயிலேறிப் பூடும்."

மறுநாள் காலையில் நான் கடைக் கதவுப் பலகையைக் கழற்றும்போதே அவர் இரண்டு ஆட்களோடு வந்து நின்றார். நான் கெஞ்சினேன். காலில்கூட விழுந்தேன். என்னை அவரே தூக்கி நிறுத்தி, "என் கடனுக்கு நான் பதில் சொல்லணும்ல தம்பி" என்றார். அவர் குரலும் நன்றாக இல்லை. எங்கள் தராசிலேயே எங்கள் சரக்கை நிறுத்தார்கள். மிளகாய் மூட்டையை அவிழ்த்ததில் எல்லோருக்கும் தும்மல் வந்தது. நான் அழுதது அதில் யாருக்கும் தெரிந்திருக்காது.

முந்தின நாள் தம்பி கழற்றித் தன்னிடம் கொடுத்திருந்த மெடலை அம்மா உள்ளேயிருந்து கொண்டுவந்து தராசுத் தட்டில் வைத்தாள். அண்ணாச்சி அதை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"வெள்ளிதான் ஆத்தா. ஆனா உம் பிள்ள பேரை வெட்டிருக்கான். இத எவன் வாங்குவான்? உள்ள கொண்டு போ."

சேதி கேட்டுத் தம்பி விடுதியிலிருந்து ஓடிவந்தான். பரீட்சை வேண்டாம், நான் மண்டிக்கு வந்து வேலை செய்து கழிக்கிறேன் என்றான். எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. இந்த ஜென்மத்தில் அவ்வளவு சத்தமாக நான் பேசினதில்லை.

"நீ போய்ப் பரீட்சை எழுதுடா! மண்டிக்கு நான் போறேன்."

அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெரியவனே வரட்டும். அவனுக்குத்தான் எடை தெரியும்" என்றார்.

நிறுத்து முடிந்தது. சரக்கு, தராசு, அலமாரி, கடைக்குக் கட்டியிருந்த அட்வான்ஸ் எல்லாவற்றுக்கும் விலை போட்டார். குறைத்துப் போடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, விரலை மடக்கி மடக்கிக் கழித்தார். வாசலில் நின்ற என்னிடம் சொன்னார்.

"கடை போக, இன்னும் நீ தரவேண்டியது ஆயிரத்து நூத்திப் பதினேழு ரூவா ஆறணா."