எஸ்டேட் லாரியின் டீசல் எங்கே போனது?

1. முதல் கேள்வி

"ஏம்மா, ஓட்டறது இருக்கட்டும். டியூப் போட்டு டீசல் உறியத் தெரியுமா?"

கொல்லிமலை எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி ரங்கசாமின்னு ஒரு ஆளு. நல்லாத்தான் ஓட்டுவான். ஆனா வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூடக் குடுக்கலை. எல்லாம் கேன்ல கீழ எறங்கிருச்சு. அனுப்பிட்டேன். உன்னையும் அப்படி அனுப்ப வெச்சுடாத."

"கேன்ல எறங்குனத நீங்க பாத்தீங்களா சார்?"

"பாக்க வேற வேணுமா? வண்டியா குடிக்கும்?"

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். ஒரு பதிலில் ஓட்டை தெரிந்தால் விரலை விட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் அன்று வாயை மூடிக்கொண்டேன். ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டுச் சேந்தமங்கலத்தில் ஏறி இறங்கின இடமெல்லாம் "பொம்பளைக்கு லாரியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். சாவியைக் கையில் கொடுத்தவர் இந்த மேனேஜர் ஒருவர்தான். இங்கிருந்து டீசல் திருடி என்ற பேரோடு இறங்கினால் அதற்குப் பிறகு டூவீலர் கூட யாரும் தரமாட்டார்கள்.

2. போலீஸ் இல்லாத ரோடு

காரவள்ளியில் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அது அரசாங்க ரோடு. கண்ணாடி உண்டு, போர்டு உண்டு, தடுப்புச் சுவர் உண்டு. எங்கள் ரோடு எஸ்டேட்டுக்குச் சொந்தமானது. திண்ணனூர் நாட்டுப் பக்கம் மெயின் கேட்டில் ஆரம்பித்து ஒரு சிற்றூரைத் தாண்டி, கீழ்த் தோட்டம் வரை சரிவாக இறங்கும். பாதி சிமென்ட், பாதி ஜல்லி. பிரேக் இன்ஸ்பெக்டர் வரமாட்டார், அபராதம் போட ஆளில்லை. அதனாலேயே அங்கே ஓட்டுகிறவனுக்குத் குளிர்விட்டுப்போகும். பிரைவேட் ரோட்டில் சட்டம் இல்லாமல் இருக்கலாம். பள்ளம் அதேதான்.

கீழே போகும்போது எரு மூட்டை, மேலே வரும்போது வாழைத்தார், விறகு. லோடு ஏற்ற இறக்க வெள்ளையன் என்று ஒருவர் கூடவே வருவார், உள்ளூர்க்காரர். முதல் இறக்கத்திலேயே அவருக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, எறக்கத்துல எதுக்குங்க ரெண்டாவது கியரு? ரங்கசாமியண்ணன் நியூட்ரல்ல உட்ருவாருங்க. சும்மா பஞ்சாட்டம் போகும். டீசலும் மிச்சம்."

நிறையப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். பம்ப் டீசலை ஏறக்குறைய நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும். வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுக்கப் பிரேக் தலையில் விழும், அது சூடேறிக் கைவிட்டால் அப்புறம் பள்ளம்தான். எந்தக் கியரில் லோடோடு ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

டயருக்குச் சரியாகக் காற்று அடித்தேன். லோடு ஏற்றும்போது இன்ஜினை அணைத்தேன். ஏற்றத்தில் உறுமவிடாமல், மூச்சுத் திணறும் முன்பே கியரை மாற்றினேன். டேங்கை வாய்வரை நிரப்பி, ஓட்டிவிட்டு, மறுபடி வாய்வரை நிரப்பிக் கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு ஆறு வந்தது. மேனேஜர் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் சாமை அறுப்பு வரைக்கும்தான் இருந்தது.

3. "தாகம் புடிச்சுக்கும்"

ஆறு ஐந்தாச்சு, ஐந்து நாலரை ஆச்சு. அதே வண்டி, அதே ரோடு, அதே லோடு, அதே கால். சாயங்காலம் நான் வண்டியை நிறுத்தியதும் மேனேஜர் டூல் பாக்ஸைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். உள்ளே டியூப் தேடுகிறார் என்று எனக்குத் தெரியாதா? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ரங்கசாமியைத் தேடிச் சேந்தமங்கலத்துக்குப் போனேன். ஒரு குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"வாங்க அம்மிணி. உங்களுக்கும் குடிக்குதுங்களா?"

"குடிக்குதுங்கண்ணா. நீங்க எடுத்தீங்களான்னு கேக்க வரலை. எப்பக் குடிச்சுதுன்னு கேக்க வந்தேன்."

அவர் பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்தார். "இத்தன நாளா இந்த ஒரு கேள்விய ஒருத்தரும் கேக்கலீங்க. யாரோ திருடறாங்கன்னுதான் நானும் நெனச்சேன். கேபின்ல படுத்துக் காவலு கூட இருந்தேன். மத்த மாசமெல்லாம் ஒழுங்கா ஓடுமுங்க. சாமை அறுப்பு வந்தாத்தான் அதுக்குத் தாகம் புடிச்சுக்கும். தையில சர்வீஸ் உட்டா சரியாப் போயிரும். மெக்கானிக்கு ஒரு கோளாறும் இல்லேம்பான்."

"இப்ப வேற வண்டி ஓட்டலீங்களாண்ணா?"

"யாரு குடுப்பாங்க? மேலயிருந்து பேரு நமக்கு முன்னாடியே எறங்கி வந்துருதுங்களே. எங்க ஊட்டுலயே அரைமனசாத்தான் நம்பறாங்க."

திரும்பி வரும்போது பஸ் முழுக்க யோசனை. சாமைக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம்? குளிர் காரணமா, பனியில் இன்ஜின் சூடேற நேரமாகிறதா? அப்படியென்றால் தையிலும் பனிதானே, சர்வீஸ் விட்டதும் எப்படிச் சரியாகும்? ஒன்றும் பிடிபடவில்லை.

4. பெடல் இறங்கியது

இரண்டு நாள் கழித்து எரு லோடோடு இறங்கிக்கொண்டிருந்தேன். ஜல்லி ரோட்டுக்கு வந்ததும் ஏதோ கருகும் வாசனை. வெள்ளையன், "எவனோ காட்டுக்குத் தீ வெச்சுட்டானாட்ட இருக்குங்க" என்றார். அடுத்த வளைவுக்குப் பிரேக்கை மிதித்தேன். பெடல் சொதசொதவென்று தரை வரை போனது.

வண்டி இரண்டாவது கியரில் இருந்தது. நியூட்ரலில் வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். பெடலை விட்டு விட்டு மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. வேகம் செத்ததும் முதல் கியருக்குத் தள்ளி, மலை ஓரத்து மண் திட்டில் முன் சக்கரத்தைச் சாய்த்தேன். வண்டி முனகிக்கொண்டு நின்றது. வெள்ளையன் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டார். போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

பின் சக்கரத்துப் பிரேக் டிரம்மில் தண்ணீர் தெளித்தேன். சுர்ரென்று ஆவியானது. முன் சக்கரங்கள் கை வைக்கும் சூட்டில்தான் இருந்தன. பின்னால் மட்டும் யார் பிரேக் பிடித்தது? சூடு ஆறக் காத்திருந்து, சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன்.

கியர் பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் நீளமான ஷாஃப்டில் வைக்கோலாய்க் காய்ந்த சாமைத்தாள் சுற்றியிருந்தது. கொஞ்சநஞ்சமல்ல. வடக்கயிறு முறுக்கினது போல இறுகி, என் தொடை தடிமனுக்கு இருந்தது. அந்தப் பருமன் பக்கத்தில் ஓடும் ஹேண்ட் பிரேக் கேபிளை வெளியே தள்ளி விறைப்பாக இழுத்து வைத்திருந்தது. லீவர் இறக்கித்தான் இருக்கிறது, ஆனால் பின் பிரேக் பாதி பிடித்தபடியே இருக்கிறது. பிரேக் பிடித்த வண்டியை இன்ஜின் நாள் முழுக்க இழுத்திருக்கிறது. அதற்குத்தான் அந்தத் தாகம். கேபிள் பக்கத் தாள் கருகிக் கறுப்பாகியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் தீயே பிடித்திருக்கும்.

வண்டிக்கடியில் படுத்துக்கொண்டே சத்தமாகச் சிரித்தேன். வெள்ளையன் பயந்துபோய்க் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

5. பழனியாயி கேட்ட கேள்விகள்

தாள் வந்த வழி எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அறுப்புக் காலத்தில் எங்கள் ரோட்டு வழியிலிருக்கும் சிற்றூர்க்காரர்கள் சிமென்ட் ரோட்டில் சாமைக் கதிரைத் தாளோடு பரப்பிவிடுவார்கள். லாரி ஏறிப் போனால் மணி உதிர்ந்துவிடும். மலைக்குக் கீழேயும் ரோட்டில் கொள்ளுச்செடி போடுவதைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். இங்கே கூடுதலாக ஒரு மரியாதை உண்டு. "இன்னொரு நடை மிதிச்சுட்டுப் போ சாமி" என்பார்கள். முன்னும் பின்னுமாக மூன்று நான்கு தரம் ஓட்டிவிட்டுத்தான் டிரைவர் கிளம்ப வேண்டும். மிதிக்காமல் போனால் அவர்கள் விளைச்சலை மதிக்கவில்லை என்று அர்த்தம். ரங்கசாமியும் மதித்தார், நானும் மதித்தேன். ரிவர்ஸில் வரும்போதுதான் தாள் எழும்பிச் சுற்றுகிறது.

மெக்கானிக் ஏன் பார்க்கவில்லை? சர்வீஸுக்குப் போனால் முதலில் வாட்டர் வாஷ். அடியில் பீய்ச்சி அடித்து, தாளையெல்லாம் பிடுங்கிப் போட்டுச் சுத்தமாகத்தான் அவர் கைக்கு வண்டியை அனுப்புவார்கள்.

சுற்றியிருந்ததில் பாதியை வெட்டி எடுத்தேன். மீதியைக் காட்டுவதற்காக அப்படியே விட்டு, எரு மூட்டைகளை இறக்கிவைத்து, காலி வண்டியை மறுபடி மேலே ஊர்ந்து ஓட்டி, கதிர் போடும் பழனியாயி வீட்டு முன் சமதளத்தில் நிறுத்திக் கூப்பிட்டேன். அறுபதைத் தாண்டிய அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரும் சொல்லாமலே அடியில் படுத்துவிட்டார்.

"இந்த உருளை சுத்துனாத்தான் சக்கரம் சுத்துமா கண்ணு?"

"ஆமாங்க."

"அப்ப முன்சக்கரம்?"

"அது சும்மா கூட ஓடுமுங்க."

"அட! இத்தன வருசமா நாலுஞ் சேந்து இழுக்குதுன்னு நெனச்சேன். இதென்ன பெரிய உருண்டை? இதுக்குள்ள என்ன இருக்குது?"

சாமையை விட்டுவிட்டு வண்டியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் சொல்லச் சொல்ல உற்சாகம். கடைசியில் கருகின தாளைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இதுனாலயா அந்தப் பையன் ரங்கசாமிய அனுப்புனாங்க? எங்க சாமைய மிதிக்கப் போயா?" என்று கேட்டார். கண் கலங்கிவிட்டது. "மாட்டையெல்லாம் வித்துட்டோம் சாமி. லாரிதான் எங்களுக்கு மாடு. வேற என்ன பண்றதுன்னு நீயே சொல்லு."

எஸ்டேட்டின் சிமென்ட் களம் ஞாபகம் வந்தது. காப்பிப் பழம் பறிக்க இன்னும் நாள் இருந்தது. களம் காலி, அதன் ஓரத்தில் கதிர்மேல் உருட்டத் தோதாகக் கையால் இழுக்கும் உருளை ஒன்றும் கிடந்தது.

6. மேனேஜருக்கு வந்த சிரமம்

தாள் சுருளைச் சாக்கில் கட்டி மேனேஜர் மேஜையில் வைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "இது யாரு வேணா சுத்தி வெக்கலாமே" என்றார். அதையும் நான் எதிர்பார்த்தேன். பிரேக்கைப் பிரித்துச் சரிசெய்து, அடியைச் சுத்தம் செய்து, ஒரு வாரம் தாளில் ஏறாமல் ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் டேங்கை அவரே நிரப்பி, மூடியில் அவரே சீல் வைத்தார். மறுபடி ஆறு வந்தது.

சாமை அடிக்கக் களத்தைத் தர உடனே ஒத்துக்கொண்டார். "சரி, பிரச்சினை தீந்துச்சு. நீ போய் வேலையப் பாரு" என்றார். நான் நகரவில்லை.

"ரங்கசாமிக்கு ஒரு போன் போடுங்க சார்."

"அது முடிஞ்சுபோன கதைம்மா."

"சேந்தமங்கலத்துல இன்னும் முடியலீங்க சார். அங்க அவரு இன்னும் டீசல் திருடன்தான்."

"நான் எப்படிம்மா கூப்பிட்டு...?" என்று இழுத்தார். பெரிய தோட்டத்தை ஆள்கிறவருக்கு அந்த ஒரு போன் எவ்வளவு பாரமாக இருந்தது என்று அன்று பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. சாவியை மேஜையில் வைத்துவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை நின்றேன்.

புதிதாக வண்டி எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மைலேஜ் குறைந்தால் இன்ஜினையும் பாருங்கள், காற்றையும் பாருங்கள். அதைவிட முக்கியம், காலையில் கிளம்பும் முன் அடியில் படுத்துப் பாருங்கள், நிற்கும் இடத்திலெல்லாம் டிரம்மின் சூட்டைப் பாருங்கள். டீசல் குடிக்கும் வண்டி ஆளையும் கொல்லப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகு டிரைவரைச் சந்தேகப்படுங்கள்.

ரங்கசாமி மறுநாளே முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்து, வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார். கீழ்த் தோட்டத்துக்கு இன்னொரு வண்டி வரப்போகிறது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று ரங்கசாமி எழுந்தார். அறை மூலையில் கிடந்த சாக்கின் மேல் அவர் கண் போனது. அவிழ்த்து, கருகின அந்தச் சுருளை வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இத நான் எடுத்துக்கட்டுங்களா?"

"இது எதுக்குப்பா உனக்கு?"

"எங்க ஊட்டுல காட்டோணுங்க."

மேனேஜர் தலைகுனிந்துகொண்டார். ரங்கசாமி அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, மத்தியான பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வேகமாக நடந்தார்.