பச்சைப் பட்டனில் செருகிய குச்சி

நீ பொய் சொல்கிறாய், மேஸ்திரி. என் அக்கா ஓடுகிற மிஷினில் கையை விடவில்லை. கரண்ட் போய் நின்ற மிஷினில் விட்டாள். நின்ற மிஷின் தானாகத் திரும்ப ஓடும்படி செய்து வைக்கச் சொன்னவன் நீ. செய்தது என் கை. சொன்னது உன் வாய்.

ஏற்காட்டில் கரடியூர் ரோட்டுக்குக் கீழே, காப்பித் தோட்டத்தை வெட்டிச் சரித்த இடத்தில் அந்த லாட்ஜைக் கட்டினோம். நான் கலவை மிஷின் ஓட்டினேன். அக்கா சித்தாள். ஜல்லி சுமந்தாள், மிஷினுக்குள் மணல் கொட்டினாள். எங்கள் ஊர் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். கொஞ்சம் ராகிக் காடு, நாலு பலா மரம், வேலியோரம் காப்பிச் செடிகள். அது இரண்டு வயிற்றுக்குப் போதாது. அதனால் இருவரும் உன்னிடம் வேலைக்கு வந்தோம்.

அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் பல வருஷம் அடி வாங்கினாள். ஒருநாள் புருஷன் விறகுக் கட்டையை ஓங்கியபோது அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினாள். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம். அன்றே திரும்பி வந்துவிட்டாள். அப்படிப்பட்ட வலது கை அது. அந்தக் கை இப்போது இல்லை.

மிஷின் புதிதாக வந்து இறங்கிய அன்று சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக் கூடவே வந்தான். எல்லோரையும் கூப்பிட்டு ஸ்டார்டர் பெட்டியைக் காட்டினான்.

"ஏனுங்க, நல்லாக் கேட்டுக்கங்க. பச்சையை அமுத்துனா ஓடும். சிவப்பை அமுத்துனா நிக்கும். கரண்டு போச்சுன்னா பெட்டி தானா ஆஃப் ஆயிரும். திரும்பக் கரண்டு வந்தாலும் மிஷின் ஓடாது. ஆளு வந்து பச்சையை அமுத்துனாத்தான் ஓடும். உள்ள யாரு கை இருக்குதுன்னு கரண்டுக்குத் தெரியாதுல்லீங்க, அதுக்குத்தான்."

டிரம்முக்குள் யாராவது கை விட வேண்டுமென்றால் மெயினை இறக்கி ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும், கை விடுகிறவரே அந்தக் கட்டையைத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னான். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கட்டையை மடியில கட்டிக்கோணுமா? ஒரு தாலியக் கட்டிக்கிட்டே நான் பட்ட பாடு போதுஞ் சாமி!"

மெக்கானிக் சிரித்தான். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, உன் பல் தெரிந்தது.

மெயினும் ஃப்யூஸ் கட்டையும் இருந்த இடம் மேட்டில், எஸ்டேட்டின் காப்பிப் பழம் அரைக்கிற ஷெட். அங்கிருந்து மரத்துக்கு மரம் ஒயரைக் கட்டி இறக்கியிருந்தோம். மலையில் காற்றடித்தால் சில்வர் ஓக் கிளை ஒடிந்து லைனில் விழும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கரண்ட் போகும். போனால் வேலையாட்கள் தார்ப்பாய்க்கு அடியில் போய் உட்காருவார்கள். வெற்றிலை போடுவார்கள், டீ குடிப்பார்கள். கட்டடத்தில் ஒரு பல்புகூடக் கிடையாது. கரண்ட் வந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. நான்தான் அவ்வப்போது போய்ப் பச்சையை அமுக்கிப் பார்ப்பேன். ஒருநாள் நானும் உட்கார்ந்துவிட்டேன். கரண்ட் வந்து வெகுநேரம் ஆகியும் உட்கார்ந்தே இருந்தோம். நீ ஜீப்பை விட்டு இறங்கினாய். எங்கள் அம்மாக்களை எல்லாம் இழுத்து வைத்துப் பேசினாய். பக்கத்திலிருந்த காப்பிச் செடியில் ஒரு குச்சியை ஒடித்து, கத்தியால் ஒரு முனையைச் சீவி, என் கையில் கொடுத்தாய்.

"டே, இதைக் கொண்டு போய்ப் பச்சைப் பட்டன்ல சொருகு. எப்பவும் அமுங்கியே கெடக்கட்டும். கரண்டு வந்தா மிஷினே ஓடும். அந்தச் சத்தங் கேட்டதும் அத்தனை பேரும் எந்திரிச்சு வரோணும்."

செருகினேன். ஸ்டார்டர் பெட்டியைப் பற்றி மெக்கானிக் சொன்னது முழுக்க என் தலைக்குள் இருந்தது. இருந்தும் செருகினேன்.

அன்றிலிருந்து அந்த மிஷின்தான் எங்களுக்கு மணி. காலையில் குச்சியைச் செருகுவேன், வேலை முடிந்தால் பிடுங்குவேன். கரண்ட் போனால் எல்லோரும் உட்காருவார்கள். மிஷின் உறுமினால் சேலையை உதறிக்கொண்டு எழுவார்கள். "மேஸ்திரியோட மாமியாக்காரி கூப்புடுறா, எந்திரிங்க, எந்திரிங்க" என்பாள் அக்கா. "சோறு போடவா கூப்புடுறா, சூடு வைக்கக் கூப்புடுறா" என்பான் கொத்தனார். தினமும் அதே கேலிதான். தினமும் சிரித்தோம்.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. டிரம்முக்குள் கலவை இருக்கும்போது கரண்ட் போனால் அதை அப்படியே விட முடியாது. இறுகிவிடும். அப்புறம் உளியும் சுத்தியலும் வைத்து உடைக்க வேண்டும். டிரம்மைச் சாய்த்தாலும் பாதிதான் கொட்டும். மீதி உள்ளே இருக்கிற தகடுகளில் அப்பிக்கொள்ளும். யாராவது தோள்வரை கையை விட்டுச் சுரண்டி அள்ள வேண்டும். அந்த மாதிரி நேரத்தில் நான் முதலில் குச்சியைப் பிடுங்கி என் காதில் பீடி மாதிரி செருகிக்கொள்வேன். பிறகுதான் "ம், கைய உடு" என்பேன். மேட்டிலுள்ள ஷெட்டுக்குப் போய் ஃப்யூஸைப் பிடுங்க எனக்குச் சோம்பல். காதில் குச்சி இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவின் கையை நம்பி ஒப்படைத்திருந்தது என் காதிலிருந்த அந்த விரல் நீளக் குச்சியிடம்தான்.

அன்றைக்குத் தூண்களுக்குக் கலவை ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே காற்று. மதியத்துக்கு முன்னால் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது, கூடவே தூறல். டிரம் நிறையக் கலவை இருந்தபோது கரண்ட் போனது.

நீ மேலே சாரப் பலகை மீது நின்றிருந்தாய். "கலவை கல்லாயிரும்! அள்ளுங்க! அள்ளுங்க!" என்று கத்தினாய். அக்கா பாண்டுச் சட்டியோடு வந்து டிரம்மின் வாயருகே குந்தினாள். குச்சியைப் பிடுங்க நான் ஸ்டார்டரை நோக்கி இரண்டு அடி வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவள் கையை உள்ளே விட்டாள். நீ மறுபடி கத்தினாய்.

"டே! சிமெண்ட் மூட்டை நனையுதுடா! தார்ப்பாயைப் போடுறா மொதல்ல, நாயே!"

நாய் திரும்பி ஓடியது.

தார்ப்பாயின் ஒரு முனையில் கல்லைத் தூக்கி வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. காதைத் தொட்டுப் பார்த்தேன். குச்சி இல்லை.

மிஷின் கூப்பிட்டது.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். அதை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை. ஒருத்தி வெற்றிலையைத் துப்பினாள். ஒருவன் தலையில் சும்மாட்டைச் சுற்றினான். பழக்கம். அவர்கள் எழுந்து நின்ற பிறகுதான் அக்காவின் அலறல் காதில் விழுந்தது.

ஓடிப்போய்ச் சிவப்பை அமுக்கினேன். நின்றது. அக்காவிடம் ஓடக் கையை எடுத்தேன். மறுபடி சுற்றியது. குச்சி பச்சையிலேயே இருந்தது. சிவப்பை விட்ட உடனே அது ஓடத்தான் செய்யும். முதல் சுற்றில் கை மாட்டியது. இரண்டாவது சுற்றில்தான் நொறுங்கியது. எனக்குத் தெரியும். சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த மூங்கிலை முட்டியில் வைத்து முறிக்கிற சத்தம்.

திரும்பச் சிவப்பை அமுக்கினேன். மறுகையால் குச்சியைப் பிடுங்கினேன். மழையில் ஊறியிருந்த குச்சி பாதியில் ஒடிந்து, முனை பட்டனுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒயரைப் பிடுங்கலாம் என்றால் அது எட்டவில்லை. கட்டைவிரலை எடுத்தால் மிஷின் ஓடும். எடுக்கவில்லை. அக்கா மூன்றடி தள்ளி, கன்னம் டிரம்மின் விளிம்பில் அழுந்த, தோள்வரை உள்ளே மாட்டிக் கிடந்தாள். கை போன வழியே முந்தானையும் சுருட்டிக்கொண்டு போயிருந்தது, கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. விளிம்பு வழியாக வழிந்த கலவையில் ரத்தம் கலந்திருந்தது. சாம்பல் நிறம் கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான்.

"கண்ணு... இங்க வாடா கண்ணு."

"வர முடியாதுக்கா."

"கழுத்தை இறுக்குதுடா. வாடா சாமி."

"வர முடியாதுக்கா!"

நீ பலகை மேல் நின்று "மெயினை இறக்குங்கடா" என்று கத்தினாய். நீ இறங்கவில்லை. கொத்தனார்தான் காப்பிச் செடிகளை மிதித்துக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினான். வெற்றிலை துப்பியவள் அரிவாளால் முந்தானையை அறுத்துவிட்டாள். கொத்தனார் மேலிருந்து கைகாட்டும்வரை என் கட்டைவிரல் சிவப்பின் மேலேயே இருந்தது. பிறகு நாலு பேர் டிரம்மைப் பின்பக்கமாக உருட்டினோம். கை வெளியே வந்தது. கை என்று சொல்கிறேன். அது வேறு எதுவோ.

மலையிறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. ஜீப் ஒவ்வொரு வளைவிலும் அவளை என் மேல் தூக்கி எறிந்தது. முதல் நாலைந்து வளைவுகளில் உன்னைத் திட்டினாள். பிறகு சாமியைத் திட்டினாள். பாதி மலைக்குக் கீழே யாரையும் திட்டவில்லை. ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

போலீஸ்காரர் வந்து கேட்டபோது நீ முந்திக்கொண்டாய். "ஓடுற மிஷின்ல கைய உட்டுருச்சுங்க. நொம்ப அஜாக்கிரதையான பொம்பளைங்க." அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். குச்சியைச் செருகியவன் நான். அதைச் சொன்னால் என்னைப் பிடிப்பார்கள் என்று பயந்தேன். அவர் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாள் பார்த்தால் பழைய ஸ்டார்டர் பெட்டி இல்லை. புதுப் பெட்டி மாட்டியிருந்தாய்.

தளம் போட்டு முடித்த அன்று வழக்கம்போல எல்லோருக்கும் கறிச்சோறு போட்டாய். நான் போனேன், தின்னவும் உட்கார்ந்தேன். வெட்கம் கெட்டவன். நீ இலைகளுக்கு நடுவே நடந்துகொண்டு சொன்னாய்:

"நல்லாச் சாப்புடுங்க. ஆனா ஒண்ணு. அந்தப் பொம்பள மாதிரி அசட்டையா இருந்து எம்பேரைக் கெடுத்துப் போடாதீங்க."

சோற்று அண்டாவில் கிடந்த கரண்டியை எடுத்து உன் வாயில் அடித்தேன். பல் ஒன்று உன் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. கீழே தள்ளி நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மறுபடி அடித்தேன். குச்சி, குச்சி என்று கத்திக்கொண்டே அடித்தேன். உன் மச்சான்கள் இரண்டு பேர் வந்து என் விலாவை உதைத்து உடைத்தார்கள். கொத்தனார் இடையில் விழுந்து தடுக்காவிட்டால் அங்கேயே முடிந்திருப்பேன். உன்னை அடித்ததற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் குச்சியைப் பற்றித் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் வாயில் உன் சோறு இருந்தது.

விலாவைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அக்கா இடது கையால் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். பானையைக் கால் விரல்களால் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"யாருகிட்ட ஒதை வாங்கிட்டு வர்றே?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். குச்சியைச் செருகியது யார், பிடுங்காமல் ஓடியது யார், சிவப்பிலிருந்து கையை எடுத்து இரண்டாவது சுற்றை ஓடவிட்டது யார். இரண்டாவது சுற்று ஏன் ஓடியது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. களிக் கட்டையால் என் முகத்தில் அடித்தாள். சூடான களி கன்னத்தில் ஒட்டியது. மறுபடி அடித்தாள். நான் நகரவில்லை.

மூச்சு வாங்க உட்கார்ந்தாள். கட்டையைத் திரும்பப் பானையில் போட்டாள்.

"நான் கரண்டு இல்லாத மிஷின்லதான் கைய உட்டேன். எனக்குப் புத்தி இருக்குது. சந்தையில என்னைப் பாத்து, ஓடுற மிஷின்ல கைய உட்டவளாமேன்னு பேசிக்கறாங்க. கை போனது போகட்டும். பைத்தியக்காரின்னு பேரு வாங்கிட்டுச் சாக மாட்டேன். நீ எனக்குச் சொல்லிட்டே. ஊருக்கு யாருடா சொல்றது?"

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் என் பங்கைச் சொன்னேன். என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். உன்னைக் கேட்டார்களாம். குச்சியா, என்ன குச்சி என்றாயாம்.

போன வாரம் கொட்டச்சேடு பக்கம் பஸ்ஸில் போனேன். உன் புது வேலை நடக்கிறது. மழை பெய்துகொண்டிருந்தது. ஆட்கள் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். மிஷின் பக்கத்தில் ஒருவர்கூட இல்லை. திடீரென்று அது தானாக உறுமியது. அத்தனை பேரும் எழுந்து சேலையை உதறினார்கள்.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் அதைச் சொன்னேன்.

தினமும் காலையில் ஏற்காடு கடைத்தெருவில் ஜீப்பை நிறுத்தி ஆள் ஏற்றுகிறாயே, அந்த இடத்துக்கு நாளை அக்காவும் நானும் வருகிறோம். நான் செருகினேன் என்பதை அங்கேயும் எல்லோர் முன்னாலும் சொல்வேன். நீ வண்டியை விட்டு இறங்கு. ஏறப்போகிற ஆட்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, அக்காவின் வெட்டுப்பட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொல், மேஸ்திரி: காப்பிக் குச்சியைச் சீவி என் கையில் கொடுத்தது யார்? இன்றைக்குக் கொட்டச்சேட்டில் பச்சைப் பட்டனில் செருகியிருப்பது யார் சீவிய குச்சி?