செவலைக்குப் பூக் கேட்கவில்லை

டிஞ்சர் வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு இன்றைக்கும் பசிக்கிறது. டாக்டர் வீட்டு நடையில் உட்கார்ந்து நாக்கைச் சப்புக்கொட்டுகிற ஒரே நோயாளி நானாகத்தான் இருப்பேன். டிஞ்சர் பூசிய நாயின் தலையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஒரு ஐப்பசி முழுக்கக் கம்பஞ்சோறு தின்றவனுக்கு வேறெப்படி இருக்கும்?

நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே, மலையடிவாரத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. நான் மூன்றாம் வகுப்பை மிகவும் பிடித்துப்போய் இரண்டாம் முறையும் படித்துக்கொண்டிருந்தேன். காட்டில் கடலைக்காய் முற்றியிருந்தது. காட்டுப்பன்றிக்கும் அது தெரிந்திருந்தது. ஒரு விடியற்காலையில் காவலுக்குப் போன அம்மாவை நோக்கி ஒரு பன்றி நேராக வந்தது. எங்கள் செவலை நாய் நடுவில் பாய்ந்தது. பன்றி ஓடிவிட்டது, ஆனால் செவலையின் வயிறு கிழிந்து குடல் வெளியே வந்துவிட்டது. அம்மா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அதைக் கட்டி, அப்பாவை வண்டி பூட்டச் சொல்லி, டவுன் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நாயையெல்லாம் அங்கே பார்ப்பதில்லை என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் நாயை மேஜைமேல் கிடத்திவிட்டாளாம். அதற்கப்புறம் அவருக்கும் வேறு வழியில்லை. மயக்க மருந்து காட்டி, குடலைக் கழுவி உள்ளே வைத்துத் தைத்தார். தையல் பிரிக்கிறவரை கஞ்சிதான் ஊற்ற வேண்டும், புண்ணை நக்க விடக்கூடாது, எழுந்து துள்ளினால் தையல் விட்டுவிடும், அப்புறம் இங்கே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

கஷ்டகாலம், அப்போது எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு, எங்கள் பேச்சில் நோம்பிக்கு, சாட்டியிருந்தார்கள். நோம்பி வருகிறதென்று பறையடித்து அறிவித்து, கோயில் முன்னால் மூன்று கிளை விட்ட முக்கவர்க் கம்பம் நட்டுவிட்டால், அந்தக் கம்பத்தைப் பிடுங்குகிறவரை "சாட்டு". சாட்டுக்குள் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டி யாரும் இராத் தங்கக்கூடாது. பகலில் எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். தவறினால் ஆத்தாளுக்குக் கோபம் வந்து ஊரில் அம்மை வார்த்துவிடும். இதை நம்பாதவர்கள் யாரும் எங்கள் ஊரில் இல்லை, அம்மா உட்பட.

எங்கள் வீடோ கோயிலுக்கு மூன்றாவது வீடு. அன்று பொழுது சாய்ந்ததும் கம்பத்தாட்டத்துக்குப் பறை முழங்கி, முதல் வேட்டு வெடித்தது. மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்த செவலை சுவரில் போய் மோதிக்கொண்டு விழுந்தது. வயிற்றுக் கட்டின்மேல் ரத்தம் கசிந்தது. அம்மா நாயைச் சாக்கில் கிடத்தி அப்பாவை ஒருபக்கம் பிடிக்கச் சொல்லி, கடலைக்காட்டுச் சாளைக்கு, அதாவது காவல் குடிசைக்கு, நடந்தாள். சாளை எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தது. என்னையும் கூட்டிப்போனது பாசத்தினால் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நாயின் தலையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அப்பா இரண்டு பக்கத்துக்கும் நல்லவர். சாக்கை இறக்கிவைத்துவிட்டு ஊருக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். காலையும் மாலையும் கஞ்சிப் போசியைக் கொண்டுவந்து எல்லைக்கல்லின் மேல் வைத்துவிட்டு, ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் ஊன்றி நின்று, நாய் எப்படியிருக்கிறது என்று விசாரிப்பார்.

நான் வீரத்தோடு இருந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் விடிந்ததும் முதல் வேலையாக என் உடம்பு முழுவதையும் தடவி அம்மை முத்து கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் முழங்காலுக்குக் கீழே நாலைந்து சிவந்த தடிப்புகள் தென்பட்டன. எல்லைக்கல்லுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் காட்டி, எனக்கு வந்துவிட்டது, நான் போகிறேன் என்று அழுதேன். அப்பா போசியைப் போட்டுவிட்டு ஓடினார்.

வெயில் ஏறுவதற்குள், ஊர்ப் பெரியதனக்காரரும் பூசாரியும் வேப்பிலையோடு வந்துவிட்டார்கள். பின்னால் பாதி ஊர். பெரியதனக்காரர் அம்மாவுக்கு மாமன் முறை.

"அம்மிணி, சாட்டுக்குள்ள எல்லைக்கு வெளிய படுக்கறது நல்லால்ல. நாய இங்கயே உட்டுட்டு ஊடு வந்து சேரு."

"ரத்த வாடைக்கு நரி வருமுங்க மாமா. புண்ண நக்காம ஆரு புடிப்பா?"

"நாளைக்கு ஊருக்குள்ள அம்மை வாத்துச்சுன்னா ஆரு பதில் சொல்றது?"

"நாந்தானுங்க."

அவர் என் காலைச் சுட்டிக்காட்டினார். அம்மா குனிந்து பார்த்தாள்.

"இது கொசுக் கடிங்க. சந்தேகமா இருந்தா உங்க காலையும் ஒரு ராத்திரி இங்க நீட்டி வெச்சுப் பாருங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் காலை மடக்கிக்கொண்டேன். அம்மை வந்த பையன் என்று கொஞ்சநேரம் கிடைத்திருந்த மரியாதையும் போயிற்று.

பூசாரி நல்ல மனிதர். சண்டை வேண்டாமென்று ஒரு வழி சொன்னார். எங்கள் பக்கத்தில் எதையும் முடிவு செய்யப் பூக் கேட்பது வழக்கம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் வைத்துக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. ஆத்தாளையே கேட்டுவிடலாம், வெள்ளை வந்தால் நீ இங்கேயே இரு, ஊர் ஒன்றும் சொல்லாது என்றார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான், பொட்டலம் எடுக்கிற குழந்தையாக என்னையே கூப்பிடுவார்கள் என்று நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன்.

அம்மா மட்டும் தலையை ஆட்டினாள்.

"செவப்பு வந்தா இந்த வாயில்லாச் சீவன வேட்டுச் சத்தத்துக்குள்ள தூக்கியாந்து சாவ உடச் சொல்லுவீங்களா, மாட்டீங்களா? மாட்டீங்கன்னா பூவு எதுக்குங்க? சொல்லுவீங்கன்னா, அந்தப் பூவ நான் பாக்க மாட்டனுங்க. எனக்கும் மாரியாயிக்கும் சண்டையில்ல. ஆனா இத நான் ஆருகிட்டயும் கேக்கறாப்புல இல்ல."

பெரியதனக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். அந்த நோம்பிக்கு எங்கள் வீட்டு மாவிளக்கைக் கோயிலில் வாங்கவில்லை. அம்மா சாளை வாசலிலேயே, கோயில் இருக்கும் திசை பார்த்து மாவிளக்கை ஏற்றிக் கும்பிட்டாள். பிறகு நானும் செவலையும் அதைத் தின்றோம். டாக்டர் பார்த்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

கம்பம் பிடுங்கிய பிறகு தையலும் பிரித்தாயிற்று. செவலை சற்றுக் கோணலாக நடந்துகொண்டு இன்னும் பல வருஷம் இருந்தது. ஊரில் அம்மை வார்க்கவில்லை. பின்னொரு வருஷம், எல்லோரும் எல்லைக்குள்ளேயே ஒழுங்காகப் படுத்திருந்த சாட்டில், வார்த்தது. பிற்பாடு பிறந்திருந்த என் தங்கை அதில் போனாள். அதற்கு யார் பதில் சொல்வது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

போன ஐப்பசியில் நோம்பிக்குப் போயிருந்தேன். எல்லைக்கல் தார் ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. பெரியம்மையையே ஒழித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். சாட்டுக்குள்ளேயே ஊர்ப் பிள்ளைகள் லாரி ஓட்டிக்கொண்டு போய் எந்தெந்த ஊரிலோ தூங்கி எழுந்து வருகிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை; ரொம்ப நல்லது. இப்போதைய பூசாரி மைக் பிடித்து ஆத்தாளின் மகிமைகளைச் சொல்லிக்கொண்டு வந்தவர், முன்னொரு காலத்தில் இந்த ஊர்ப் பெண் ஒருத்தி ஒரு நாய்க்காகக் கண்ணீர்விட்டுப் பூக் கேட்டாள், தாய் மனமிரங்கி வெள்ளைப் பூக் கொடுத்தாள் என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பழக்கதோஷத்தில் என் கையும் பாதி தூரம் மேலே போய்விட்டது.

பக்கத்தில் நின்றவரிடம், அது எங்கம்மாதானுங்க, பூவெல்லாம் கேட்கவில்லை என்றேன். மைக் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை; நான் ஏதோ பக்தியாகச் சொல்கிறேன் என்று நினைத்து எனக்கும் கொஞ்சம் திருநீறு நீட்டினார். வாங்கிப் பூசிக்கொண்டேன். திருநீற்றின்மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் அச்சில் வருவதற்கு மைக் தேவையில்லை என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்: வெள்ளைப் பூவும் வரவில்லை, சிவப்புப் பூவும் வரவில்லை. அம்மா அழவும் இல்லை.