இரண்டு வாசல் வீட்டில் ஒரு கருத்துக் கணிப்பு

அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சியில் கோட்டு போட்ட ஒருவர், அடுத்த பிரதமராக யார் வரவேண்டும் என்று நாடு நினைக்கிறது என்பதை வண்ணத் தூண்களாக நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தார். தேர்தலுக்குத் தேதிகூட வைக்கவில்லை. அதற்குள் தூண்கள் எழும்பிவிட்டன.

"நாடு நாடுங்குறாரு. நம்மள யாரும் வந்து கேக்கலையே?" என்றாள் அம்மா.

"எல்லாரையும் கேக்க வேண்டியதில்லம்மா. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்றேன். புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிற மிதப்பு எனக்கு.

"கிளறிவிட்ட பானைக்குத்தான்டி ஒரு சோறு பதம். கிளறாத பானையில மேல அரிசியா நிக்கும், அடியில கரிஞ்சு கெடக்கும். நீ மேலாப்புல ஒண்ண எடுத்து நசுக்கிட்டு வெந்துருச்சும்பியா?"

அந்த நிமிஷம்தான். மூன்று வருஷமாகப் பைக்குள் கைவிட்டுச் சிவப்புப் பந்தும் பச்சைப் பந்தும் எடுக்கிற கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். பந்துகளுக்குப் பதிலாக எங்கள் காரைக்குடி ஆட்களைப் பைக்குள் போட்டு ஒரு தடவையும் யோசித்ததில்லை. இந்த ஊரை யாராவது கிளறியிருக்கிறார்களா? நானே கேட்டுப் பார்த்தால் என்ன? பாதி உரித்த அவரைக்காயைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். "எங்கடி போற?" என்றாள் அம்மா. எங்கே என்று எனக்கும் தெரியாது. சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

நினைத்தது தேடி வந்தது. சில வாரங்களில், மதுரையிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் எங்கள் கல்லூரிக்கு வந்தார். சென்னையில் இருக்கும் ஒரு கணிப்பு நிறுவனம், வரப்போகும் நாடாளுமன்றத் தேர்தலுக்காக மாவட்டம் மாவட்டமாக ஆள் எடுக்கிறதாம். சிவகங்கைப் பக்கத்துக்கு இரண்டு பேர் வேண்டும். பேராசிரியர் என்னையும் என் தோழியையும் காட்டினார். அவள் காளையார்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். விவசாயக் குடும்பம். வாய் கொஞ்சம் நீளம்.

"முதல்ல ஒரு வெள்ளோட்டம். இந்த ஊர்லயே ரெண்டு தெரு. வெள்ளிக்கிழமை கணக்கோட வாங்க. சரியா இருந்தா எடுத்துக்கறேன்" என்றார் மேற்பார்வையாளர்.

வீட்டில் சொன்னேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அப்பாவும் வாத்தியார்.

"வீடு வீடாப் போறதுன்னா நம்ம ஆளுகளுக்குத் தெரிஞ்சது மாதா சுரூபத்தத் தூக்கிட்டுப் போயி செபமாலை சொல்றதுதான். இது என்னத்தா புதுசா, யாருக்கு ஓட்டுன்னு கேட்டுக்கிட்டு?" என்றார். கோபமில்லை, விளங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே இறங்கி வந்தார். "சரி. அவுக உன்னைய எடுத்துக்கிட்டா போ. எடுக்கலேன்னா பேசாம பி.எட்.டுக்குப் போட்டுரணும். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

வாத்தியார் வேலை மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. ஆனால் வாத்தியார் கேட்கிற கேள்விக்கெல்லாம் வாத்தியாருக்கே விடை தெரியும். எனக்கு விடை தெரியாத கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். அதற்கு இந்த இரண்டு தெருவை விட்டால் வழியில்லை.

விதிகள் எளிதாகத்தான் இருந்தன. ஐந்தாவது வாசலுக்கு ஐந்தாவது வாசல் தட்ட வேண்டும். பூட்டிக் கிடந்தால் அடுத்த வாசல். வீட்டுக்கு ஒரு ஆண், ஒரு பெண். நம் கட்சி எது என்று முகத்தில்கூடக் காட்டக் கூடாது. கடைசியாக ஒன்று: போகிற வீட்டில் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. இந்தக் கடைசி விதியை எழுதியவர் செட்டிநாட்டில் ஒரு வீட்டுப் படிகூட ஏறியிருக்க மாட்டார்.

மேற்பார்வையாளர் கொடுத்த வரைபடத்தில் இரண்டு தெருக்கள் பக்கத்தில் பக்கத்தில் கோடுகளாக ஓடின. ஒரு கோடு எனக்கு, ஒரு கோடு அவளுக்கு. நான் காலையில், அவள் சாயங்காலம்.

என் தெருவில் பாதி வீடு பூட்டு. ஆட்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். காவல்காரர்கள் மட்டும், "இங்க ஓட்டு இருக்கு, ஆளு இல்ல" என்று சிரித்தார்கள். திறந்திருந்த வீடுகளில் ஒன்றில் ஒரு ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாத்தா. என்ன விக்க வந்திருக்க? சோப்புத் தூளுன்னா வேணாம். போன வாரம் ஒரு பிள்ளை குடுத்துட்டுப் போனது தொண்டையக் கமறுது."

"விக்க வரல ஆச்சி. கேக்க வந்திருக்கேன்."

"கேக்கவா? எந்தக் கோயிலுக்கு?"

உள்ளே கூடத்தில் சாய்வு நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வீட்டு அய்யா சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் தாளை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதிக்க. எங்கப்பச்சி காலத்துலேருந்து இந்த வீட்டு ஓட்டு ஒரே பக்கந்தான். டெல்லியில அவுகதான் உக்காரணும்." எந்தப் பக்கம் என்று இங்கே எழுத மாட்டேன். எவரிடம் கேட்டோமோ அவர்களுக்கெல்லாம் அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறோம். முதல் அணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆச்சி, நீங்க?"

"பிள்ளைக அப்பச்சி சொன்னாகல்ல, அதேதான் போட்டுக்க." அப்பச்சி என்றால் இங்கே அப்பா; புருஷனைத்தான் ஆச்சி அப்படிச் சொன்னார். "எழுதுறத நிறுத்திட்டு இந்தப் பணியாரத்தத் தின்னு, ஆறுது."

தின்றேன். விதி அங்கேயே உடைந்தது. வெள்ளைப் பணியாரத்தின் ஓரம் மொறுமொறுவென்று இருந்தது என்பதை மேற்பார்வையாளருக்கு எழுத இடமில்லை.

மறுநாள் மதியம் கல்லூரி வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் கணக்கைச் சேர்த்தோம். என் தெருவில் முதல் அணி பிய்த்துக்கொண்டு போனது. அவளுடைய தெருவில் இரண்டாம் அணி, அதுவும் பெண்களிடம் அள்ளோ அள்ளென்று. அடுத்தடுத்த தெரு, நேர் எதிர்! முடிவுரையை உடனே ஆரம்பித்துவிட்டேன். பெரிய வீட்டுத் தெரு, சிறிய வீட்டுத் தெரு, வசதி, தொழில் என்று காரணங்கள் மளமளவென்று வந்தன.

"சின்ன வீடுன்னு யாருடி சொன்னா?" என்றாள் தோழி. "உள்ள போனா ஓடிப் பிடிச்சு வெளையாடலாம். ஒரு ஆச்சி என்னைய அடுப்படியிலயே உக்கார வச்சு, வெள்ளைப் பணியாரமும் வரமிளகாத் துவையலும் குடுத்து, ஓட்டையும் சொல்லுச்சு. ‘காலையில சுட்ட முதல் ஈட்ட ஒரு ஒல்லிப் பிள்ளை தின்னுட்டுப் போச்சு, நீயாச்சும் நல்லாத் தின்னு’ன்னுச்சு."

"ஒல்லிப் பிள்ளையா?"

"ஆமா. மூக்குக்கு மேல பாதி மூஞ்சிக்குக் கண்ணாடி போட்டிருந்துச்சாம்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் வரைபடத்தைப் பார்த்தோம்.

இந்த ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? பெரிய வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முகப்பு இந்தத் தெரு, கிணறும் அடுப்படியும் பின்வாசலும் அந்தத் தெரு. சின்ன வயதில் மழைக்கு ஒதுங்கி, ஒரு வீட்டுக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறியிருக்கிறேன். ஆனால் வரைபடம் கைக்கு வந்ததும் ஊர் மறந்து கோடுதான் தெரிந்தது. நான் தட்டிய வீடுகள் சிலவற்றைத்தான் அவளும் பின்னாலிருந்து தட்டியிருக்கிறாள்.

"அடியே, முதுகையும் மூஞ்சியையும் ரெண்டு ஆளுன்னு எண்ணிட்டோம்டி!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பி.எட். கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

சிரிப்பு அடங்கியதும் அவளுக்கே உறைத்தது. "இரு. அந்த ஆச்சி உன்கிட்ட என்ன சொல்லுச்சு?"

"முதல் அணி."

"என்கிட்ட இரண்டாம் அணி."

அடுத்த நாள் காலை பின்வாசல் வழியாகப் போனோம். ஆச்சி முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அதிர்ச்சியெல்லாம் இல்லை.

"அங்குட்டு கேட்டதுக்கு அங்குட்டு சொன்னேன். இங்குட்டு கேட்டதுக்கு இங்குட்டு சொன்னேன். இங்குட்டு சொன்னத நீங்க ஏன்த்தா அங்குட்டு கொண்டு போறீக?"

"கொண்டு போக மாட்டோம் ஆச்சி. சத்தியமா அய்யா காதுக்குப் போகாது. ரெண்டுல எது நெசம்னு மட்டும் சொல்லுங்க."

"ஓட்டுப் போட இன்னும் நாள் கெடக்குல்ல? அதுக்குள்ள நெசத்துக்கு என்ன அவசரம்?" என்றார். முறத்தை ஒரு தட்டு தட்டினார். "அவுக நல்ல மனுசருதான்த்தா. சொன்னா சண்டைக்கு வர மாட்டாக. மனசு சங்கடப்படுவாக. ஒரு ஓட்டுக்காக எதுக்கு அவுகளச் சங்கடப்படுத்திக்கிட்டு?"

திரும்பும் வழியெல்லாம் விவாதம். கணக்கைச் சுத்தமாகக் காட்டுவது சுலபம். இரட்டித்த வீடுகளில் ஒரு வாசலைத் தள்ளிவிட்டால் போதும்.

"எந்த வாசலத் தள்ளுறது?" என்றேன்.

"முன்வாசலத் தள்ளு. அங்க அய்யா பேசுறாரு."

"பின்வாசல்ல ஆச்சி பேசுறது மட்டும் கடைசிப் பேச்சுன்னு எப்படிச் சொல்ற? அவுகளே நெசத்துக்கு அவசரமில்லங்கிறாக."

தள்ளவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டையும் அப்படியே மேற்பார்வையாளர் முன்னால் வைத்தோம். எந்த வீடு என்று மட்டும் சொல்லவில்லை. நான்தான் விளக்கினேன்.

"ஒரே ஆளு ரெண்டு தடவையா? ஏம்மா, கணிப்புலயேவா கள்ள ஓட்டு!" என்றார். பேராசிரியர் இருமினார். மேற்பார்வையாளர் தாள்களைப் புரட்டினார், திரும்பப் புரட்டினார். சிரிப்பு போய்விட்டது. "இது உங்க ஊரு வீட்டுக் கூத்துதானே? மத்த ஊர்ல இப்படி வராதுல்ல?"

"எங்க வீட்ல ஒத்த வாசல்தான் சார்" என்றாள் தோழி. "ஆனா எங்கப்பா இருக்கப்ப எங்கம்மா ஒண்ணு சொல்லும். அவரு வயலுக்குப் போனதும் வேற சொல்லும்."

அவர் பேனாவை மூடினார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இத வச்சு நான் சென்னைக்கு என்ன எழுத? எடுத்துக்கறேன்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல. நாட்டரசன்கோட்டைக்குப் போங்க. அங்கயும் இதே மாதிரி வீடுகதான். ஒரு ஆளுக்கு ஒரே பதில் வேணும். யாரு பக்கத்துல நின்னாலும் மாறாத பதில். எப்படி வாங்குவீங்களோ, அது உங்க பாடு."

வீட்டுக்கு வந்தேன்.

"எடுத்துக்கிட்டாகளா?" என்றார் அப்பா.

"பாதி எடுத்துக்கிட்டாகப்பா."

"பாதி எடுக்க நீ என்ன தேங்காயா?"

விஷயத்தைச் சொன்னேன். ஆச்சியைப் பற்றிச் சொன்னபோது அம்மா திரும்பிப் பார்த்தாள். அப்பா, "நம்ம வீட்ல அதெல்லாம் இல்ல. இங்க நாலு ஓட்டும் ஒரே பக்கந்தான்" என்றார். வீட்டில் ஓட்டு உள்ளவர்கள் அப்பா, அம்மா, அண்ணன், நான். எனக்கு உடனே பரபரத்தது. ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் அரிவாள்மனை முனையால் பிளவு போட்டேன். ஆளுக்கு ஒரே மாதிரி சீட்டு, ஒரே பென்சில். ஒவ்வொருவராக உள் அறைக்குப் போய்க் குறித்து, மடித்துப் போட்டுவிட்டு வர வேண்டும். அம்மா, "எனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பாதான் டப்பாவைத் திறந்தார். ஒன்று பிரித்தார், தலையாட்டினார். இரண்டாவதைப் பிரித்தார். மூன்றாவதில் புருவம் ஏறியது. நான்காவதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு இங்குட்டு, ரெண்டு அங்குட்டு! யாரு அது?"

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான். அம்மா முந்தானையை உதறி இழுத்துச் செருகிக்கொண்டு, "டப்பாவக் கேளுங்க" என்று அடுப்படிக்குப் போனாள். அப்பா கொஞ்ச நேரம் அந்த நான்கு சீட்டுகளையும் தேர்வுத்தாள் மாதிரி அடுக்கி அடுக்கிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். பி.எட். விண்ணப்பத்தை எடுத்து பீரோவுக்குள் வைத்தார். "கடைசித் தேதி வரைக்கும் கெடக்கட்டும். நீ மொதல்ல நாட்டரசன்கோட்டைக்குப் போயிட்டு வா. அப்புறம் பாப்போம்."

திங்கட்கிழமை போகிறோம். டப்பாவைத் தகரக் கடையில் கொடுத்துப் பிளவின் ஓரத்தை மழுக்கி வாங்கிவிட்டேன், விரல் கீறாது. வாசிக்கத் தெரியாதவர்களுக்காக அணிக்கு ஒரு வண்ணமாகச் சீட்டு வெட்டுகிறோம். எந்தக் கட்சிக் கொடியிலும் இல்லாத இரண்டு வண்ணம் தேடிக் கடைவீதியில் அரை நாள் அலைந்து, ஊதாவும் சந்தனமும் கிடைத்தன. தோழிக்கும் எனக்கும் ஒன்றே ஒன்றுதான் தீரவில்லை. பெட்டியை முதலில் வீட்டு அய்யாவிடம் நீட்ட வேண்டும், அவர் போட்டால்தான் மற்றவர்களைப் போட விடுவார் என்கிறாள் அவள். அவர் முதலில் போட்டால் போட்டுவிட்டு அங்கேயே நிற்பார், பெண்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்கிறேன் நான். அதனால் முதல் தெருவில் அவள் சொல்கிறபடி, அடுத்த தெருவில் நான் சொல்கிறபடி. இந்தத் தடவை வரைபடத்தை நம்பவில்லை. வாசல்களைத் தட்டுவதற்கு முன்னால் இரண்டு தெருவையும் ஒரு தரம் நடந்து, எந்த முகப்புக்கு எந்தப் பின்வாசல் என்று நாங்களே வரைந்துகொள்ளப் போகிறோம்.