வளையம் இல்லாத கைத்துண்டு

ஜார்ஜ்டவுன் கடற்கரையோரம் ஒரு துரைசானி நடத்திய விடுதியில் நான் சாப்பாடு பரிமாறினேன். அங்கேயே குடியிருந்தவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளி வளையம் உண்டு. சாப்பிடும்போது வாய் துடைக்கும் கைத்துண்டை அதில் சுருட்டிச் செருகி வைத்தால் மறுநாளும் அதே துண்டு. வந்துபோகும் விருந்தாளிக்கு வளையம் கிடையாது, தினமும் புதுத் துண்டு.

மாடியறையில் இருந்த ஒல்லியான தமிழ் டாக்டருக்கு, வருஷக்கணக்காகக் குடியிருந்தும் வளையம் இல்லை, புதுத் துண்டுதான். "நீங்கள் எங்கள் விருந்தாளி ஆயிற்றே" என்று துரைசானி சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் பிடிக்காது.

அவரோ சாப்பிட்டதும் துண்டை நாலாக மடித்து, தட்டருகே வைத்துவிட்டுத்தான் எழுவார்.

"எப்படியும் வெளுக்கப் போடுறதுதானே, ஏன் சார் மடிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாளைக்கும் இங்கேதானே தம்பி சாப்பிடப்போறேன்."

அவர் மாடியேறும் சத்தம் அடங்கிய பிறகே அதை எடுத்து அழுக்குக் கூடையில் போடுவேன். மடிப்பைக் கலைக்க மாட்டேன். வண்ணான் எப்படியும் உதறிவிடுவான்.